வில்லைத் தாழ்த்தும் வழிகள்



தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பிக்கும் ஒருத்தி, பிக்கப் வண்டியின் சஸ்பென்ஷனைத் தாழ்த்தும் முறைகளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெற்ற காலத்தில் எழுத்து அறிமுகம், வாசிப்பு, வாய்மொழிப் பயிற்சி என்று பலவற்றைச் சொல்லிக் கொடுத்தார்கள். வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எவரும் சொல்லவில்லை. ஆயினும் அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இந்தப் பொருளுக்கே செலவிட நேர்ந்தது. அதில் மொழி ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் உரிய செய்தி ஒன்று இருப்பதாக எனக்குப் பட்டதால் எழுதுகிறேன்.

என்னிடம் தொடக்கநிலை ஆறில் படித்த மாணவர் ஒருவர், பின்னர் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் வாகனத் தொழில்நுட்பம் பயின்று, இப்போது தந்தையின் காய்கறி, வாழையிலை வியாபாரத்தில் துணையாக இருக்கிறார். கடை தேக்காவுக்கு அருகில். விடியுமுன் பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்திற்குச் சென்று சரக்கு ஏற்றி வருவது அவர்களின் அன்றாட வேலை. வண்டி எட்டு ஆண்டு பழைய பிக்கப். அதைத் தாழ்த்த வேண்டும் என்று மகனுக்கு விருப்பம். தந்தை மறுக்கவும் இல்லை, இசையவும் இல்லை. "எப்படிச் செய்வே, சொல்லு" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அங்கேதான் சிக்கல் தொடங்கியது. மகன் கற்றது முழுவதும் ஆங்கிலத்தில். தந்தைக்கோ தமிழ்தான். "டீச்சர், எனக்கு எல்லாம் தெரியும், அப்பாகிட்ட சொல்லத்தான் தெரியல. நீங்க கொஞ்சம் வந்து உக்காருங்களேன்" என்று அழைத்தார். பன்னிரண்டு வயதில் கட்டுரை எழுதச் சொன்னால் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்த பிள்ளை. போகாமல் இருக்க முடியுமா?

முதல் தடையே சொல். சஸ்பென்ஷன் என்பதற்குக் கலைச்சொல் அகராதியை நம்பித் "தொங்கமைப்பு" என்று தொடங்கினேன். தந்தை சிரித்துவிட்டார். "எது தொங்குது டீச்சர்? அது வில்லு" என்றார். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். அவருடைய தாத்தாவிடம் வில்வண்டி ஒன்று இருந்ததாம். ஆட்கள் ஏறிச் செல்லும் வண்டிக்குத்தான் வில். நெல்மூட்டை ஏற்றும் கட்டை வண்டிக்கு வில் கிடையாது, அச்சின்மேலேயே பார் உட்கார்ந்திருக்கும் என்று விளக்கினார். இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வளைத்துக் கட்டிய அந்த வில்லைத்தான் பட்டறைக்காரர்கள் கமான் பட்டை என்றும் சொல்வார்கள். பழைய லாரிகளின் கமான் பட்டையை வாங்கித்தான் நம் ஊர்க் கொல்லர்கள் அரிவாள் அடிப்பது வழக்கம் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

நானும் என் பங்குக்கு ஒன்று சொன்னேன். நாங்கள் உட்கார்ந்திருந்த இடமே ஒரு காலத்தில் மாட்டு வண்டிகளின் இடம். பஃப்ளோ ரோடு, கெர்பாவ் ரோடு, கண்டாங் கெர்பாவ் ஆகிய பெயர்கள் எல்லாம் 19ஆம் நூற்றாண்டில் இங்கே நடந்த மாட்டு வணிகத்தின் மிச்சங்கள். மலாய் மொழியில் கெர்பாவ் என்றால் எருமை, கண்டாங் என்றால் பட்டி. நகரின் மறுபுறத்தில் உள்ள கிரேத்தா ஆயர் என்னும் பெயருக்கே தண்ணீர் வண்டி என்றுதான் பொருள். மாடுகள் இழுத்த வண்டிகளில் அங்கே தண்ணீர் சென்றது. மாணவர்களை லிட்டில் இந்தியாவுக்குக் கற்றல் பயணமாக அழைத்துச் செல்லும்போது இந்தப் பெயர்களைச் சொல்லாமல் நான் திரும்புவதில்லை. (பிள்ளைகள் பெரும்பாலும் ஐஸ்கிரீம் கடையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.)

கட்டை வண்டிக்கு வில் இல்லை, வில்வண்டியில் மூட்டை ஏற்றுவதில்லை. ஆனால் பிக்கப் வண்டி இரண்டு வேலையையும் செய்ய வேண்டியிருக்கிறது. வெறும் வண்டியாகப் போகும்போது ஓட்டுநரின் முதுகை அது காக்க வேண்டும். திரும்பி வரும்போது அரை டன்னுக்கு மேல் சுமக்க வேண்டும். பின்னால் உள்ள பட்டை அடுக்கில் அடிப்பட்டை மட்டும் தடிப்பாக, வளைவு குறைந்து இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுமை ஏறி மேல் பட்டைகள் தாழ்ந்த பிறகே அது வேலைக்கு வருகிறது. தாழ்த்துவதைப் பற்றிய எல்லாக் கேள்விகளும் இந்த இரட்டை வாழ்க்கையிலிருந்து பிறப்பவை என்று மகன் சொன்னார். அவர் சொன்னது ஆங்கிலத்தில், தமிழ்ப்படுத்தியது நான், திருத்தியது தந்தை.

முன்பக்கத்திலிருந்து தொடங்கினோம். முன் சக்கரங்களுக்குச் சுருள்வில் உள்ள வண்டிகளில், குட்டையான சுருள்வில்லை மாட்டுவது ஒரு வழி. உயரத்தைத் திருகி மாற்றத்தக்க, சுருளும் அப்சார்பரும் சேர்ந்த கூட்டமைப்பைப் போடுவது இன்னொரு வழி. சில பழைய பிக்கப்களில் சுருளுக்குப் பதிலாக முறுக்குத் தண்டு இருக்கும். அதன் திருகாணியைத் தளர்த்தினாலே முன்பக்கம் இறங்கிவிடும். காசு செலவில்லாத வழி என்பதால் பலரும் இதில் மயங்குகிறார்கள். ஆனால் சக்கரம் மேலே எழும்ப மீதமிருக்கும் இடம் குறைந்துபோகிறது. சக்கரத்தின் தாங்கு கை, அடிக்கடி ரப்பர்க் கட்டையில் போய் இடிக்கும். சக்கர அச்சு பொருந்தும் ஸ்பிண்டிலையே மாற்றி, சக்கரத்தை மட்டும் மேலே ஏற்றும் முறையும் உண்டு. வில் தன் வழக்கமான இடத்திலேயே இருப்பதால் பயணச் சுகம் பெரிதாகக் கெடாது. மகனுக்குப் பிடித்தது இதுவே. அதற்கான பாகம் எல்லா வண்டிக்கும் கிடைப்பதில்லை, இவர்கள் வண்டிக்கும் கிடைக்கவில்லை. எதைச் செய்தாலும் சக்கரங்களின் சாய்வும் நேர்மையும் மாறிவிடும். அலைன்மெண்ட் பார்க்காவிட்டால் டயரின் உள்விளிம்பு சில மாதங்களிலேயே தேய்ந்து நிற்கும்.

சுருள்வில்லை வெட்டிக் குட்டையாக்குவது பற்றித் தந்தைதான் கேட்டார். தெரிந்த பட்டறையில் ஒருவர் அப்படிச் செய்து தருவதாகச் சொன்னாராம். மகன் தலையில் கைவைத்துக்கொண்டார். வெட்டிய சுருள் முன்னைவிட விறைப்பாகிவிடும்; அதன் முனை தாங்குதட்டில் ஒழுங்காக உட்காராது; பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது இடம்விட்டு நகரவும் கூடும். வெட்டாமல் நெருப்பில் காட்டித் தாழ்த்துவோரும் இருக்கிறார்கள் என்றார். இதை எப்படி விளக்குவது என்று நான் சொல் தேடுவதற்குள் தந்தையே முடித்துவிட்டார். "தோய்ச்சல் போயிடும். அரிவாள நெருப்புல போட்டு எடுத்தா வளையுமே, அந்த மாதிரி" என்றார். கொல்லர் எஃகைக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்துப் பக்குவப்படுத்துவதைத் தோய்ச்சல் என்பார்கள். வில்லின் உயிர் அதில்தான் இருக்கிறது. மகன் மூன்று ஆண்டுகள் படித்த பாடம் தந்தையிடம் ஒரே சொல்லில் இருந்தது. மகன் அந்தச் சொல்லைத் தம் கைப்பேசியில் பதிந்துகொண்டார்.

பின்பக்கம்தான் மேலும் சுவையானது. பட்டைவில் உள்ள வண்டியைத் தாழ்த்த, வில்லுக்கும் அச்சுக்கும் இடையே ஓர் இரும்புக் கட்டையை வைப்பார்கள் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கலாம். அது பாதி உண்மை. வில், அச்சுக்குக் கீழே கட்டப்பட்ட வண்டியில் கட்டை வைத்தால் வில் இன்னும் கீழே போகும். வில்லின்மேல் உட்கார்ந்திருக்கும் உடலும் கூடவே இறங்கும். வில், அச்சுக்கு மேலே கட்டப்பட்ட வண்டியில் அதே கட்டையை வைத்தால் வண்டி உயர்ந்துவிடும். இவர்கள் வண்டி இரண்டாம் வகை. இதைத் தமிழில் சொல்லிப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமன்று. கடைசியில் ஒரு வாழைக்காயை அச்சாகவும் வளைந்த முருங்கைக்காயை வில்லாகவும் வைத்து, இடையில் தீப்பெட்டியைச் செருகிக் காட்டினோம். செய்துகாட்டிக் கற்பிப்பதை வகுப்பறைக்கு மட்டும் உரியதாக நாம் வைத்திருக்கக் கூடாது.

அப்படியானால் என்ன வழி? பட்டைகளில் ஒன்றிரண்டை உருவிவிடலாம். வண்டி தாழும், ஆனால் சுமக்கும் வலிமையும் கூடவே போய்விடும். காய்கறி வண்டிக்கு இதைவிடக் கேடு வேறில்லை. தமிழ்நாட்டுச் சாலைகளில் அளவுக்கு மீறி ஏற்றுவதற்காகக் கூடுதல் பட்டை சேர்ப்பவர்களை நாம் குறை சொல்கிறோம். அதே சுமையை வைத்துக்கொண்டு பட்டையைக் குறைப்பவரை என்னவென்று சொல்வது? வளைவு குறைந்த புதிய பட்டை அடுக்கை வாங்கிப் போடுவது ஓரளவு நேர்மையான முறை. வில்லின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் தொங்கு இணைப்பை மாற்றிச் சிறிது தாழ்த்துவதும் உண்டு.

இவை எல்லாவற்றையும்விடத் துணிச்சலானது, அச்சை இடம் மாற்றுவது. வில்லுக்குக் கீழே இருக்கும் அச்சைக் கழற்றி, வில்லுக்கு மேலே ஏற்றிக் கட்டிவிடுவார்கள். அச்சின் தடிப்பும் பட்டை அடுக்கின் தடிப்பும் சேர்ந்த அளவுக்கு வண்டி ஒரே தாவலில் இறங்கும். ஐந்து, ஆறு அங்குலம் கூட ஆகலாம். தாய்லாந்தில் தரையை உரசுவதுபோல் ஓடும் பிக்கப்களின் படங்களைப் பார்த்துத்தான் மகனுக்கு இந்த ஆசையே வந்திருக்கிறது. ஆனால் அவ்வளவு இறக்கினால் அச்சு மேலெழும்ப இடமிராது. பள்ளத்தில் விழுந்தால் நேராகச் சட்டத்தையே இடிக்கும். அதற்காகச் சட்டத்தில் அரைவட்டமாக ஒரு பகுதியை வெட்டி எடுத்து, வலுவூட்டும் தகட்டை வைத்து வெல்டிங் செய்வார்கள். தந்தை அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "முதுகெலும்பையா அறுக்கிறது?" என்றார். மகனும் அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

இவ்வளவுக்கும் இடையே ஒரு சிறு பொருள் என் கவனத்தை மிகவும் ஈர்த்தது. பல பிக்கப் வண்டிகளில், பின்பக்க அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு சிறு கம்பியும் அதனோடு இணைந்த வால்வும் இருக்கும். புதிய வண்டிகள் பலவற்றில் இந்த வேலையை மின்னணு முறையே செய்துவிடுகிறது. இவர்கள் வண்டியில் கம்பிதான். வெறும் வண்டியில் பின்சக்கரத்தின்மேல் எடை குறைவு; அங்கே பிரேக் பலமாகப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். சுமை ஏறினால் பின்பக்கம் பலமாகப் பிடிக்க வேண்டும். சுமை இருக்கிறதா இல்லையா என்பதை அந்த வால்வு எப்படி அறியும்? வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைக் கொண்டே அறியும். இப்போது வில்லைத் தாழ்த்திவிட்டுக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால் என்ன ஆகும்? வெறும் வண்டியையும் நிறைசுமை வண்டி என்று அது நினைத்துக்கொள்ளும்.

இதைச் சொல்லும்போது மகனின் குரல் சற்றுத் தாழ்ந்தது. பாசிர் பாஞ்சாங்குக்குப் போகும்போது வண்டியில் ஒன்றும் இராது. ஓட்டுபவர் பெரும்பாலும் தந்தை. நேரம் அதிகாலை, சாலை ஆயர் ராஜா விரைவுச்சாலை, டிசம்பரில் மழை. தாழ்த்திய வண்டியில் அவர் சட்டென்று பிரேக் மிதித்தால் பின்பக்கம் சறுக்கி விலகும். பட்டறைகளில் உயரத்தைப் பற்றிப் பேசியவர்கள் பலர்; இந்தக் கம்பியைப் பற்றிப் பேசியவர் ஒருவரும் இல்லை என்று மகன் சொன்னார். தந்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை என்ன படித்தான் என்பதை அன்றுதான் அவர் முதன்முதலாகத் தமிழில் கேட்டார் என்று நினைக்கிறேன்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது: செய்யவே கூடாதவை, முன் அனுமதி பெற்றுச் செய்ய வேண்டியவை, அனுமதியின்றிச் செய்யத்தக்கவை. பட்டறைக்காரர் "ஒன்றும் ஆகாது" என்று சொல்வதை நம்பாமல், தம் வண்டிக்குச் செய்யவிருக்கும் மாற்றம் எந்த வகையைச் சேர்ந்தது என்று ஆணையத்திடமே கேட்டுக்கொள்வது நல்லது. சரக்கு வாகனங்கள் முதல் பத்து ஆண்டுகள் ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும் சோதனைக்குப் போக வேண்டும். வெட்டிய சுருளும் அறுத்த சட்டமும் அங்கே பல்லை இளிக்கும்.

மதிய உணவுக்குப் பின்தான் நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். எதற்காகத் தாழ்த்துகிறீர்கள்?

தந்தை உடனே சொன்னார்: "தூக்க முடியல டீச்சர். முட்டி வலி. தம்பி எனக்காகத்தான் சொல்றான்." வெங்காய மூட்டையும் உருளைக்கிழங்கு மூட்டையும் பின்தளத்துக்கு ஏற்றும்போது தோளுக்கும் முழங்காலுக்கும் நேரும் துன்பத்தை எண்ணி மகன் இதைச் செய்ய நினைக்கிறான் என்றே அவர் இத்தனை நாள் நம்பியிருந்தார். மகன் தரையைப் பார்த்தார். பிறகு, "அதுவும்தான்பா. ஆனா பாக்கவும் நல்லா இருக்கும். வளைவுல கொஞ்சம் கம்மியா சாயும்" என்றார். அந்த "அதுவும்தான்" என்ற சொல்லில் இருந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. ஒரே வண்டி, ஒரே செயல். ஆனால் இருவர் நினைத்தது வேறு வேறு. வெகு நாளாக இருவரும் அதை அறியாமலே ஒரே சொல்லைப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

தந்தை எழுந்துபோய் அளவு நாடாவை எடுத்துவந்து பின்கதவைத் திறந்து அளந்தார். தரையிலிருந்து தளம் 84 செ.மீ. பாதுகாப்பாக எவ்வளவு தாழ்த்தலாம் என்று கேட்டார். சுமையோடு ஓடும் வண்டிக்கு 5 செ.மீ.க்கு மேல் தாம் துணிய மாட்டேன் என்றார் மகன். "ரெண்டு அங்குலமா? அதுக்கு நான் நல்ல செருப்பைக் கழட்டிட்டு மெல்லிசு செருப்பு போட்டுக்கிட்டு நிக்கணும்" என்றார் தந்தை. செருப்பைக் கழற்றினால் அவர்தாமே தாழ்வார், தளமன்று, கணக்கு தலைகீழ். சிரிப்பில் அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

முழங்காலுக்காக என்றால் வில்லைத் தொடுவதே முறையன்று என்பது அதற்குள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. பேருந்து நிறுத்தத்தில் குனிந்து கொடுக்கிறதே, அதுபோல் செய்ய முடியாதா என்று தந்தை கேட்டது நல்ல கேள்வி. 2006இல் சக்கர நாற்காலி ஏறத்தக்க பேருந்துகள் இங்கே வரத் தொடங்கின. இப்போது பொதுப் பேருந்துகள் அனைத்தும் அவ்வகையே. அவற்றில் எஃகு வில்லின் இடத்தில் காற்றுப் பைகள் இருக்கின்றன. காற்றை வெளியேற்றினால் வண்டி மண்டியிடும். அடைத்தால் எழுந்து நிற்கும். பிக்கப் வண்டிக்கும் காற்றுப் பை உண்டு. நிறுத்தியிருக்கும்போது தாழ்த்தி, ஓடும்போது உயர்த்திக்கொள்ளலாம் என்பதால் கருத்தளவில் இதுவே மிகச் சிறந்த முறை. ஆனால் பை, காற்றழுத்தி, கலன், குழாய்கள், அனுமதி என்று செலவு வளரும். உரிமைச் சான்றிதழ் முடிய இரண்டே ஆண்டுகள் இருக்கும் வண்டிக்கு அது தகுமா?

தளத்தையே தாழ்வாக வைத்துச் செய்யப்பட்ட லாரிகள் இருக்கின்றன என்பதை மகன்தான் சொன்னார். ஜப்பானிய நிறுவனங்கள் சிறிய லாரிகளில், பின்பக்கம் சிறிய இரட்டைச் சக்கரங்களைப் பொருத்தித் தாழ்தள வகை ஒன்றைத் தயாரிக்கின்றன. வில் தன் வேலையைச் செய்யும், சட்டம் அறுபடாது, தொழிற்சாலையே பிரேக்கைப் பொருத்தமாக அமைத்திருக்கும். பின்தூக்கி பொருத்திய லாரி என்றால் மூட்டையைக் கையால் தூக்கவே வேண்டாம். அதற்கு எடையும் விலையும் கூடுதல். கடையில் இப்போதைக்கு ஒரு அலுமினியச் சாய்தளமும் தள்ளுவண்டியும் வாங்குவதாகப் பேசி முடித்தார்கள். பிக்கப்பின் அப்சார்பர்கள் தேய்ந்திருந்தன. அவற்றை மட்டும் மாற்றுவது என்றும் முடிவாயிற்று. வளைவில் சாய்வது அதனாலேயே பெருமளவு குறையும் என்று மகன் தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார்.

பெற்றோர் சிலர் என்னிடம், தமிழ் படித்து என் பிள்ளைக்கு வேலையில் என்ன பயன் என்று கேட்பதுண்டு. நான் நீண்ட விளக்கம் தருவதில்லை. ஆனால் அடுத்தமுறை யாராவது கேட்டால், வாழைக்காயையும் முருங்கைக்காயையும் தீப்பெட்டியையும் வைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்துத் தாழ்தள லாரி ஒன்றைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். தந்தை முதலில் தளத்தை அளந்தாராம், பிறகு குனிந்து சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "இத்தனை சின்ன சக்கரம் எத்தனை சுத்து சுத்தணும், சீக்கிரம் தேஞ்சிடாதா?" என்று விற்பனையாளரைக் கேட்டாராம். விற்பனையாளருக்குத் தமிழ் தெரியாது. மகன் மொழிபெயர்த்திருக்கிறார். அன்றிரவு எனக்கு அவரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: "டீச்சர், ரெண்டு வண்டிக்கும் உள்ள வித்தியாசத்த அப்பாவுக்குத் தமிழ்ல எழுதித் தரப் போறேன். தோய்ச்சலுக்கு ச்-க்கு அப்புறம் ச-வா, ஷ-வா?"